தைரிஸ்டர் குறோபார் சுற்று: வோல்ற் எகிறும்போது பொருட்களைக் காப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் 12 வோல்ற்றில் ஓடும் பொருட்கள் அதிகம். முல்லைத்தீவுக் கரையில் படகுக்கான வீ.எச்.எஃப். றேடியோவும் ஜி.பி.எஸ்.ஸும், வயல் காவல் கொட்டிலில் எல்.ஈ.டி. விளக்கு, கடையில் கமராப் பெட்டி, வீட்டில் றூற்றர் என்று எல்லாமே ஒரு பவர் சப்ளையையோ சோலரையோ நம்பி இருக்கின்றன. அந்த சப்ளை பழுதாகி வோல்ற் கூடினால் முதலில் சாவது பெறுமதியான பொருள்தான். அதைத் தடுப்பது குறோபார் என்ற சுற்று. அதன் நடுவில் இருப்பது தைரிஸ்டர், அதாவது கேற் என்ற காலில் சின்னக் கரண்ட் கொடுத்தால் அனோட்டிலிருந்து கதோட்டுக்குப் பெரிய கரண்டை ஓட விடும் மின்சுவிச்சு. இந்தச் சுற்றைப் பற்றி வழமையாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சப்ளைக்குள் பியூஸ் இருக்கிறதே, பிறகு ஏன் இது?

பியூஸுக்கு அம்பியர் மட்டுந்தான் தெரியும், வோல்ற் தெரியாது. 13.8 வோல்ற் லீனியர் சப்ளை (ரான்ஸ்போமரும் ட்ரான்சிஸ்டரும் வைத்து வோல்ற்றை நிலைநிறுத்தும் வகை) ஒன்றை எடுங்கள். 18 வோல்ற் ரான்ஸ்போமர், பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோட்கள்), பெரிய கொள்ளளவி (கப்பாசிற்றர்) எல்லாம் தாண்டி 2என்3055 போன்ற பாஸ் ட்ரான்சிஸ்டருக்கு (வோல்ற்றைக் குறைத்து வெளியே விடுவது) முன்னால் 23, 24 வோல்ற் நிற்கும். அந்த ட்ரான்சிஸ்டர் சூடேறிச் செத்தால் பெரும்பாலும் அதன் கரண்ட் போகும் இரு கால்களான கலெக்ரரும் எமிற்றரும் ஒட்டிப்போகும். உடனே முழு 23 வோல்ற்றும் வெளியே வரும். றேடியோ கூடுதலாக இழுப்பது இன்னும் சில அம்பியர்தான், பியூஸ் அசையாது. றேடியோ கருகி உள்ளே ஷோர்ட்டான பிறகே பியூஸ் போகும்.

குறோபார் சுற்று செய்வது ஒரே வேலை. வெளி வோல்ற் ஒரு எல்லையைத் தாண்டியதும் தைரிஸ்டர் திறந்து (கரண்ட் ஓட வழிவிட்டு) பிளஸ்ஸையும் மைனஸையும் ஷோர்ட் ஆக்கும். வோல்ற் சில மைக்றோசெக்கனில் ஒரு வோல்ற் அளவுக்கு விழும், பிறகு பியூஸ் எரியும். தைரிஸ்டர் ஒருமுறை திறந்தால் கரண்ட் அறும்வரை மூடாது. அந்தக் குணந்தான் இங்கே வேண்டும்.

எத்தனை வோல்ற்றில் சுற்றை விழ (இயங்கி ஷோர்ட் ஆக்க) வைக்க வேண்டும்?

5 வோல்ற் சப்ளைக்கு 6 முதல் 6.2 வரை. 5 வோல்ற்றில் ஓடும் பழைய ரி.ரி.எல். வகை டிஜிற்றல் சிப்புகளின் உச்ச எல்லை 7 வோல்ற் என்பதை நினைவில் வையுங்கள். 12 வோல்ற்றுக்கு 14.5 முதல் 15. 13.8 வோல்ற்றுக்கு 16. 24 வோல்ற்றுக்கு 28 முதல் 30.

ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும் லைனில் 15 என்று வைத்துவிடாதீர்கள். சார்ஜின்போது 14.4 முதல் 14.8 வரை போவது வழமை. மோட்டர் நிற்கும்போது வரும் சின்னத் துள்ளலும் சேர்ந்தால் காரணமில்லாமல் பியூஸ் போய்க்கொண்டே இருக்கும். பிறகு யாராவது பியூஸ் இடத்தில் கம்பி சுற்றிவிடுவார்கள். அங்கேயும் 16 தான் நல்லது.

சேனர் (குறித்த வோல்ற்றைத் தாண்டினால் கடத்தும் டயோட்) ஒன்றும் தைரிஸ்டர் ஒன்றும் போதாதா? இணையத்தில் அப்படித்தானே படம் இருக்கிறது?

வேலை செய்யும். ஆனால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, காரணம் மூன்று.

முதலாவது, துல்லியம். 15 வோல்ற் 5 சதவீத சேனர் என்பது 14.25 இலிருந்து 15.75 வரை எதுவாகவும் இருக்கலாம். அதற்குமேல் கேற்றின் 0.6 முதல் 1.5 வோல்ற்றையும் கூட்டுங்கள். இரண்டாவது, வெயில். 15 வோல்ற் சேனர் ஒரு பாகை சூட்டுக்குச் சுமார் 10 மில்லிவோல்ற் கூடும். மூடிய பெட்டி தகரக் கூரைக்குக் கீழே 30 பாகை கூடச் சூடானால் எல்லை 0.3 வோல்ற் மேலே நகர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. சேனர் மெல்ல மெல்லக் கடத்தத் தொடங்கும், கேற்றுக்கும் கரண்ட் மெல்லவே ஏறும். அப்போது தைரிஸ்டர் சில்லின் (உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டின்) கேற்றை ஒட்டிய சின்ன இடம் மட்டுமே முதலில் திறக்கும். கொள்ளளவியின் நூறு அம்பியரும் அந்த ஊசிமுனை வழியாகப் போனால் சில்லு அந்த இடத்திலேயே எரிந்துவிடும். கேற்றுக்கு ஒரே தள்ளாக, தேவையை விடப் பல மடங்கு கரண்ட் போக வேண்டும்.

அப்படியானால் எந்தச் சுற்று? பாகங்களின் அளவு என்ன?

13.8 வோல்ற், 10 அம்பியருக்குக் குறைவான சப்ளைக்கு:

- தைரிஸ்டர்: பி.ரி. 152 (600 வோல்ற், 20 அம்பியர்)
- உணரி: ரி.எல். 431 (றெஃபரன்ஸ் காலில் சுமார் 2.5 வோல்ற் வந்தால் கடத்தும் சிப்)
- ட்ரான்சிஸ்டர்: பி.சி. 327, பி.என்.பி. வகை
- தடையிகள்: 12 கிலோஓம், 2.2 கிலோஓம் (இரண்டும் 1 சதவீதம்), 1.2 கிலோஓம், 470 ஓம், 100 ஓம் இரண்டு (ஒன்று அரை வாற்)
- 100 நனோபரட் செரமிக் கொள்ளளவி

பிளஸ்ஸிலிருந்து 12 கிலோஓம், அதன் கீழே 2.2 கிலோஓம், பிறகு மைனஸ். இரண்டும் சேரும் புள்ளி ரி.எல். 431 இன் றெஃபரன்ஸ் காலுக்கு. அதன் அனோட்டு மைனஸுக்கு. அதன் கதோட்டு 1.2 கிலோஓம் வழியாக பி.சி. 327 இன் பேஸுக்கு. எமிற்றர் பிளஸ்ஸில், பேஸுக்கும் எமிற்றருக்கும் இடையில் 470 ஓம். கலெக்ரரிலிருந்து அரை வாற் 100 ஓம் வழியாகத் தைரிஸ்டர் கேற்றுக்கு. கேற்றுக்கும் கதோட்டுக்கும் இடையில் மற்ற 100 ஓமும் 100 நனோபரட்டும். தைரிஸ்டரின் அனோட்டு பிளஸ்ஸுக்கு, கதோட்டு மைனஸுக்கு.

கணக்கு எளிது: 2.495 × (1 + 12 ÷ 2.2) = 16.1 வோல்ற். அந்த வோல்ற் வந்ததும் ரி.எல். 431 இழுக்கும், பி.சி. 327 முழுதாகத் திறக்கும், கேற்றுப் பக்கம் 140 மில்லிஅம்பியர் போகும். பி.ரி. 152 கேட்பது அதிகபட்சம் 32 தான்.

470 ஓமைத் தவிர்க்காதீர்கள், பெரிய தடையியாக மாற்றவும் வேண்டாம். எல்லையை நெருங்கும்போதே ரி.எல். 431 கொஞ்சங் கொஞ்சமாக, ஒரு மில்லிஅம்பியர் வரை இழுக்கத் தொடங்கும். 470 ஓமில் அது 0.47 வோல்ற்றுக்கு மேல் வராது, ட்ரான்சிஸ்டர் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே 10 கிலோஓம் போட்டால் 14 வோல்ற்றிலேயே விழலாம்.

எல்லையைத் திருகி மாற்ற ஒரு பிரிசெற் (மாறும் தடையி) போடலாமா?

போடுவதானால் கீழே, 2.2 கிலோஓம் இருக்கும் பக்கத்தில் போடுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பிரிசெற்றின் துடைப்பான் பச்சை பிடித்துத் தொடுகை விடும். கீழ்ப்பக்கம் அறுந்தால் றெஃபரன்ஸ் மேலே போய்ச் சுற்று உடனே விழும், பியூஸ் ஒன்று நட்டம், அவ்வளவுதான். மேல்பக்கம் அறுந்தால் சுற்று ஒருநாளும் விழாது. காவல் செத்துப்போனது றேடியோ எரியும்வரை தெரியாது.

கேற்றுக்கு நேரே தனியான சிப் எதுவும் உண்டா?

எம்.சி. 3423 இதற்கென்றே செய்யப்பட்டது. 4.5 முதல் 40 வோல்ற் வரை வேலை செய்யும், உள்ளே 2.6 வோல்ற் றெஃபரன்ஸ், கேற்றுக்கு 300 மில்லிஅம்பியர் வரை தரும். அதன் பெரிய வசதி தாமதம். 10 நனோபரட் போட்டால் சுமார் 120 மைக்றோசெக்கனுக்குக் குறைந்த துள்ளல்களைக் கண்டுகொள்ளாது. கிடைத்தால் அதையே போடுங்கள். வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் இல்லையென்றால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேட வேண்டும். ரி.எல். 431 என்றால் பழைய கம்பியூட்டர் சப்ளை ஒன்றைப் பிரித்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பியூஸை எப்படித் தெரிவது? எங்கே போடுவது?

இந்தச் சுற்றின் உயிரே இதில்தான் இருக்கிறது. தைரிஸ்டரைத் தெரிய ஒரு மணித்தியாலம் செலவழித்துவிட்டுப் பியூஸைக் கையில் அகப்பட்டதாகப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இடம்: பெரிய கொள்ளளவிக்கும் பாஸ் ட்ரான்சிஸ்டருக்கும் நடுவில். ரான்ஸ்போமரின் 230 வோல்ற் பக்கத்தில் உள்ள பியூஸை மட்டும் நம்பினால், கொள்ளளவியில் தேங்கி நிற்கும் சக்தி முழுவதும் தைரிஸ்டருக்குள்தான் போகும்.

வகை: விரைவு வகை, கண்ணாடிக் குழாயின் தலையில் எஃப் எழுத்து இருக்கும். ரி எழுத்து உள்ள மெதுவான வகை வேண்டாம். 5 × 20 மில்லிமீற்றர் விரைவுப் பியூஸ் தன் அளவின் 10 மடங்கு கரண்டில் 20 மில்லிசெக்கனுக்குள் அறுகிறது. 2.1 மடங்கில் 30 நிமிடம் வரைகூட நிற்கலாம். அதாவது உங்கள் ரான்ஸ்போமரால் ஷோர்ட்டில் 20 அம்பியர்தான் தர முடியுமென்றால் 10 அம்பியர் பியூஸ் அறுவதற்குள் தைரிஸ்டர் பொரிந்துவிடும். லோட் எவ்வளவு இழுக்கிறதோ அதற்குச் சற்று மேலே, அதைவிடக் கூடாமல் போடுங்கள்.

அளவு: கரண்டின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிப் பாருங்கள், பியூஸ் அறும்வரை தைரிஸ்டர் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கான அளவு அது. 6.3 அம்பியர் பியூஸ் 63 அம்பியரில் 20 மில்லிசெக்கன் நின்றால் சுமார் 79 அம்பியர் வர்க்க செக்கன். பி.ரி. 151 (பி.ரி. 152 ஐவிடச் சிறிய தைரிஸ்டர்) தாங்குவது 50 அளவுதான், பி.ரி. 152 தாங்குவது 200. 10 அம்பியர் பியூஸுக்கு அதே கணக்கு 200 ஐத் தொடும். அங்கே பி.ரி. 152 விளிம்பில் நிற்கிறது. அதற்கு மேற்பட்ட சப்ளைகளுக்கு இன்னும் பெரிய தைரிஸ்டர் தேவை.

பெரிய கொள்ளளவியே தைரிஸ்டரைக் கொல்லாதா?

கொல்லலாம், கணக்குப் பார்த்தால் தெரியும். 22,000 மைக்றோபரட்டில் 22 வோல்ற் என்றால் 5.3 ஜூல். பாதையின் மொத்தத் தடை (கொள்ளளவியின் உள்தடை, எமிற்றர்த் தடையி, வயர்) 0.15 ஓம் என்றால் உச்சக் கரண்ட் சுமார் 150 அம்பியர். 5.3 ஐ 0.15 ஆல் வகுத்தால் 35 அம்பியர் வர்க்க செக்கன். இதுவும் ரான்ஸ்போமர் தருவதும் சேர்ந்துதான் தைரிஸ்டருக்குள் போகும்.

கரண்ட் ஏறும் வேகமும் முக்கியம். பி.ரி. 151 மைக்றோசெக்கனுக்கு 50 அம்பியர்தான் தாங்கும், பி.ரி. 152 இற்கு 200. நேரான வயர் ஒரு சென்ரிமீற்றருக்குச் சுமார் 10 நனோஹென்றி தரும். எனவே 30 சென்ரிமீற்றர் வயர் இருந்தாலே 22 வோல்ற்றில் வேகம் 73 அம்பியருக்கு இறங்கிவிடும். ஆபத்து எங்கே என்றால், வெளிப்பக்கத்தில் தைரிஸ்டரின் கால்களுக்கு நேரே ஒரு 4,700 மைக்றோபரட்டை ஒட்டி வைப்பதில். வெளியே 100 மைக்றோபரட் போதும்.

பொருத்தும்போது வழமையாக எங்கே பிழைக்கிறது?

பி.ரி. 152 ஐ எழுத்து உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கதோட்டு, அனோட்டு, கேற். முதுகுத் தகடு அனோட்டு, அதாவது பிளஸ். மைனஸ் தொட்ட பெட்டியில் மைக்கா (மின் கடத்தாத மெல்லிய தாள்) இல்லாமல் திருகிவிட்டால் சப்ளை போட்ட உடனே ஷோர்ட். மைக்காவோடு பிளாஸ்ரிக் வாஷரும் வேண்டும், திருகும் தகட்டைத் தொடக்கூடாது.

அனோட்டு, கதோட்டு வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். மெல்லிய செம்புத் தடம் உள்ள போர்ட்டில் இந்தக் கரண்டை விடாதீர்கள், தடம் பியூஸாகிவிடும். உணரும் வயர் (12 கிலோஓமுக்குப் போவது) சப்ளையின் வெளி ரேமினலிலிருந்தே தனியாக வரட்டும்.

மீற்றரை வைத்துப் பார்க்கும்போது கேற்றுக்கும் கதோட்டுக்கும் இடையில் இரண்டு பக்கமும் குறைந்த ஓம் காட்டும். அதைப் பார்த்து "செத்த தைரிஸ்டர்" என்று எறிய வேண்டாம், இந்த வகை அப்படித்தான். சரியான சோதனை: 12 வோல்ற் பற்றரி, தொடரில் காரின் 21 வாற் பல்ப், அனோட்டிலிருந்து 220 ஓமை ஒருகணம் கேற்றில் தொடுங்கள். பல்ப் எரிந்து, 220 ஓமை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் நல்லது. தொடாமலே எரிந்தால் ஷோர்ட்.

றேடியோவில் பேச அழுத்தும்போது மட்டும் விழுகிறதே?

அன்ரெனாவிலிருந்து வரும் அலை உணரும் வயருக்குள் நுழைகிறது. கேற்றிலுள்ள 100 நனோபரட் இருக்கிறதா, கால் நீளமாக விட்டிருக்கிறதா பாருங்கள். றெஃபரன்ஸ் காலுக்கும் மைனஸுக்கும் இடையில் 10 நனோபரட் ஒன்று கூட்டுங்கள். டி.சி. வயரை பெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். எல்லையை உயர்த்துவது மருந்தல்ல.

பற்றரி பக்கத்தில் இணைந்திருக்கிறது. பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. வீட்டு மின்சாரம் நின்றால் பற்றரியில் ஓடட்டும் என்று சப்ளையின் வெளிப்பக்கம் பற்றரியை நேரே கட்டியிருப்பார்கள். தைரிஸ்டர் திறந்தால் அது பற்றரியையும் சேர்த்து ஷோர்ட் ஆக்கும். பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியர் தரும். சப்ளையின் பியூஸ் எரிந்தாலும் அது நிற்காது, வயர் தீப்பிடிக்கும்.

தைரிஸ்டருக்குப் பிறகு, பற்றரிக்கு முன் ஒரு ஷொட்கி டயோட் (இழப்புக் குறைந்த, ஒரு பக்கம் மட்டும் கடத்தும் டயோட்) போடுங்கள். எம்.பி.ஆர். 2045 பொருந்தும், ஹீற்சிங்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு). அரை வோல்ற் இழப்பைச் சப்ளையில் கூட்டிவிடலாம், குறோபார் எல்லையையும் அதேயளவு கூட்டுங்கள். பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தனிப் பியூஸும் கட்டாயம்.

சோலரில் இதைப் போடலாமா?

இங்கே மேலே சொன்ன தர்க்கம் தலைகீழாகிறது. 36 செல் பனல் ஒன்றின் திறந்த வோல்ற் 21, 22. சார்ஜ் கொன்றோலர் செத்தாலோ, பற்றரி வயர் கழன்றாலோ, லித்தியம் பற்றரியின் பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் காவல் சுற்று) பற்றரி நிறைந்தவுடன் தன்னைத் துண்டித்தாலோ அந்த வோல்ற் லோட்டுக்கு வரலாம். ஆனால் பனலை ஷோர்ட் ஆக்கினால் பியூஸ் எரியாது. பனலின் ஷோர்ட் கரண்ட் அது வழமையாகத் தரும் கரண்டைவிடக் கொஞ்சந்தான் கூட. பனலுக்கு அதனால் கேடு இல்லை. தைரிஸ்டர்தான் பொழுது சாயும்வரை அந்தக் கரண்டைச் சுமக்க வேண்டும்.

9 அம்பியர், 1.3 வோல்ற் என்றால் சுமார் 12 வாற் சூடு. ஒரு வாற்றுக்கு 4 பாகை ஏறும் ஹீற்சிங் போட்டால் 35 பாகை நிழலில் தகடு 83 பாகை, உள்ளே சில்லு 100 ஐத் தாண்டும். எல்லை 125. ஹீற்சிங் இல்லாமல் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

தைரிஸ்டர் பனல் பக்கத்தில், கொன்றோலருக்கு முன்னால். அதற்கும் கொன்றோலருக்கும் இடையில் ஒரு ஷொட்கி டயோட், பற்றரிக் கரண்ட் திரும்பி வராமலிருக்க. உணருவது மட்டும் லோட் பக்கத்திலிருந்து. பனல் பக்கத்தில் உணர்ந்தால் பற்றரி நிறைந்து கொன்றோலர் துண்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 21 வோல்ற்றைப் பார்த்து விழுந்துவிடும்.

இன்னொரு பொறி: மலிவான கொன்றோலர்கள் பலவற்றில் பனல், பற்றரி இரண்டின் பிளஸ்தான் ஒன்று, மைனஸை உள்ளே வெட்டி ஒட்டுகிறார்கள். எல்லா வயரையும் கழற்றிவிட்டு, பனல் மைனஸுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். பூச்சியம் ஓம் காட்டாவிட்டால் இந்தச் சுற்று அங்கே பொருந்தாது. அப்படியான இடத்தில் 40 வோல்ற் தாங்கும் ஒரு பக் கொன்வேட்டரை (வோல்ற்றைக் குறைத்து நிலைநிறுத்தும் சுற்று) லோட்டுக்கு முன்னால் போடுவதே புத்தி. லித்தியம் பற்றரி வீடுகளுக்கும் எங்கள் விருப்பம் அதுதான்.

இடி மின்னலுக்கும் நியூற்றல் அறுவதற்கும் இது உதவுமா?

இல்லை. நியூற்றல் அறுந்தால் 230 வோல்ற் லைனில் 400 வரை வரலாம். ரான்ஸ்போமரும் கொள்ளளவியும் குறோபாருக்கு முன்னாலேயே போய்விடும். கோயில் திருவிழாவில் ஜெனரேற்றரின் வோல்ற் கட்டுப்பாடு பிழைத்தாலும் இதே கதை. அதற்கு ஏ.சி. பக்கத்தில் வோல்ற்றைப் பார்த்துத் துண்டிக்கும் கருவியும் 275 வோல்ற் எம்.ஓ.வீ.யும் (வோல்ற் எகிறினால் மட்டும் கடத்தும் தடையி) வேண்டும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையும் அன்ரெனாவையும் கழற்றுவதற்கு ஈடான கருவி எதுவுமில்லை.

மாறும் பவர் சப்ளை இல்லாமல் எப்படிச் சோதிப்பது?

ஒரு 12 வோல்ற் பற்றரியோடு டோர்ச் பற்றரிகளைத் தொடரில் ஒவ்வொன்றாகக் கூட்டி அந்த வோல்ற்றைச் சுற்றுக்குக் கொடுங்கள். தொடரில் 21 வாற் பல்ப் கட்டாயம் இருக்கட்டும், அது கரண்டை இரண்டு அம்பியருக்குள் பிடிக்கும். ஒவ்வொன்றாகக் கூட்டுவதற்கு முன் மொத்த வோல்ற்றை மீற்றரில் அளந்துகொள்ளுங்கள். 12.7 ஓடு ஒன்று சேர்ந்தால் 14.2, இரண்டு சேர்ந்தால் 15.7, மூன்றில் 17.2. இரண்டில் பல்ப் இருட்டாகவும் மூன்றில் பளிச்சென்றும் இருக்க வேண்டும், தைரிஸ்டருக்குக் குறுக்கே ஒரு வோல்ற் அளவு காட்ட வேண்டும். புதிய டோர்ச் பற்றரி 1.6 வரை இருக்கும், அப்போது இரண்டிலேயே 15.9 வந்து எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். மீற்றரை நம்புங்கள், எண்ணிக்கையை அல்ல.

அது சரியானால், றேடியோவைக் கழற்றிவிட்டு, சப்ளையில் உண்மையான பியூஸோடு ஒரே ஒரு தடவை 100 ஓம் தடையியால் பிளஸ்ஸிலிருந்து கேற்றைத் தொடுங்கள். பியூஸ் கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிட்டுச் செய்யுங்கள். பியூஸ் உடனே போக வேண்டும். கரண்ட் எல்லை உள்ள சப்ளையானால் பியூஸ் போகாமல் வோல்ற் மட்டும் விழுந்து நிற்கலாம், அதுவும் சரி.

ஒருநாள் விழுந்துவிட்டது. பியூஸை மாற்றிப் போடலாமா?

உடனே வேண்டாம். பியூஸின் கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே கறுத்து வெள்ளி பூசினாற்போல் இருந்தால் பெரிய ஷோர்ட், கம்பி நடுவில் மட்டும் மெல்ல அறுந்திருந்தால் லோட் கூடியது. கறுத்திருந்தால் முதலில் பாஸ் ட்ரான்சிஸ்டரின் கலெக்ரரையும் எமிற்றரையும் மீற்றரில் பாருங்கள், இரண்டு பக்கமும் பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் அதுதான் காரணம். பாஸ் ட்ரான்சிஸ்டர்கள் இரண்டு மூன்று பக்கவாட்டில் (சமாந்தரமாக) இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க முடியும். அடுத்து தைரிஸ்டரை மேலே சொன்ன பல்ப் சோதனையில் பாருங்கள். அது ஷோர்ட்டாகிச் செத்திருந்தால் சப்ளை வேலை செய்யாது, தெரிந்துவிடும். உள்ளே கம்பி அறுந்து செத்திருந்தால் சப்ளை நன்றாகவே வேலை செய்யும், காவல்தான் இராது. லோட் இல்லாமல், ஏ.சி. பக்கத்தில் 230 வோல்ற் 60 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் வைத்து முதலில் போடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நேரே கொடுக்கலாம். எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷோர்ட் இருக்கிறது, பியூஸை வீணாக்காதீர்கள்.